கீழே இருந்த கை

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் நாள், அம்மாவின் முன்னால் சோற்றுத் தட்டை வைத்தேன். ரசம் ஊற்றிக் குழையப் பிசைந்த சோறு, மசித்த உருளைக்கிழங்கு. வலது கை மடியில் கிடந்தது. இடது கைக்கு ஒன்றும் இல்லை. காலையில் அந்தக் கையால்தான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “இந்தக் கையால சாப்பிடுங்கம்மா” என்று அதைத் தொட்டேன். சட்டென்று துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

“அது அந்தக் கை” என்றார்.

நான் மலேசியாவின் ஈப்போவில் தொழில்வழிச் சிகிச்சையாளராக வேலை செய்கிறேன். மலாயில் ‘சாரா கெர்ஜா’ என்பார்கள். வாதம் வந்தவர்கள், விபத்தில் கை போனவர்கள், தீக்காயம் பட்டவர்கள் எங்களிடம் வருவார்கள். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போய்வருவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்று ஒரு நாளை நடத்தத் தேவையான காரியங்களில் எதை எவ்வளவு செய்கிறார்கள் என்று பார்த்து மதிப்பெண் போடுவதும், அந்த எண் ஏற வழி தேடுவதும் என் வேலை. எத்தனையோ பேரிடம் ‘இடது கையால் சாப்பிடப் பழகுங்கள்’ என்று சொல்லியிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் என் முன்னால் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் அந்தக் கையைத் துண்டுக்குள் மறைத்தார்களோ தெரியாது. அன்றுதான் அப்படி ஒரு நினைப்பே எனக்கு வந்தது.

அம்மா கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தாறு வருடம் கொழுந்து எடுத்தவர். தம்பி அங்கேயே தொழிற்சாலையில் வேலை செய்வதால் லயத்து வீடு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, இன்னும் எங்களிடம் இருக்கிறது. மார்கழி மாதம், விடியற்காலை விளக்கேற்றப் போனவர் சாமி மேடைக்கு முன்னால் சரிந்து கிடந்தார். தம்பி பார்த்தபோது மணி ஆறு. எங்கள் லயத்திலிருந்து சாலைக்கு இறங்க நாற்பத்திரண்டு படி. மலைச்சரிவில் மண்ணை வெட்டி சிமெண்டு பூசிய படிகள், பனியில் வழுக்கும். தம்பியும் பக்கத்து வீட்டு இளைஞர்கள் மூன்று பேரும் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தோளுயரத்துக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அந்த மூவரில் ஒருவர் நேபாளி, இருவர் வங்காளதேசத்தார். கொழுந்து எடுக்கும் வேலையில் இன்று பெரும்பாலும் அவர்களைப் போன்றவர்கள்தான் இருக்கிறார்கள். அங்கிருந்து தானா ராத்தா, பிறகு மலையிறங்கி ஈப்போ மருத்துவமனை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அம்மா எப்போது விழுந்தார் என்று யாருக்கும் தெரியாததால் போட முடியவில்லை.

பார்க்க வந்தவர்கள் தாழ்ந்த குரலில் ஒன்றைச் சொன்னார்கள். “என்ன வினையோ, போன பிறவியில என்ன செஞ்சாளோ.” அவர்கள் கெட்டவர்கள் இல்லை. துயரத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது, கையில் கிடைத்த காரணத்தைச் சொல்கிறார்கள். நாம் இந்த நோயை வாதம் என்கிறோம், அதாவது காற்று. மலாய்க்காரர்கள் ‘அங்கின் அஹ்மார்’ என்கிறார்கள், சிவப்புக் காற்று. சீனர்கள் ‘ஜோங் ஃபெங்’ என்கிறார்கள், காற்று தாக்கியது என்று பொருள். ஒரே நாட்டில் பக்கத்தில் பக்கத்தில் வாழும் மூன்று இனமும் இதைக் காற்று என்றே சொல்லிவந்திருக்கின்றன. ஆங்கிலத்தின் ‘ஸ்ட்ரோக்’ என்ற சொல்லுக்குப் பின்னாலோ, கடவுளின் கை அடித்த அடி என்ற பழைய பேச்சு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று வந்து ஆளைச் சாய்த்துவிட்டுப் போவதை எல்லா மக்களும் பார்த்திருக்கிறார்கள்.

அம்மாவைச் சாய்த்தது எதுவென்று எனக்குத் தெரியும். பத்து வருட ரத்தக்கொதிப்பு. தலை சுற்றாத மாதங்களில் மாத்திரையை நிறுத்திவிடுவார். வினைக் கொள்கையை நான் மறுக்கவில்லை. சைவ வீட்டில் வளர்ந்தவள். ஆனால் அதை ஒருவர் தன்னைத் திருத்திக்கொள்ள எடுத்துக்கொள்ளலாம், அடுத்தவர் படுக்கைக்குப் பக்கத்தில் எடுத்துப் போகக் கூடாது. கட்டிலில் கிடக்கும் ஒரு பெண்ணுக்குத் தீர்ப்பெழுத யாருக்கும் உரிமை கிடையாது. இது என் முடிவான எண்ணம்.

சொந்தத் தாய்க்கு நானே மதிப்பெண் போடுவது முறையில்லை என்பதால், என்னுடன் வேலை செய்யும் மலாய்த் தோழி வீட்டுக்கு வந்து போட்டாள். நாங்கள் பயன்படுத்தும் அளவுகோலின் மூலம் அமெரிக்காவின் மேரிலாந்தில் பிறந்தது. ஃப்ளோரன்ஸ் மஹோனி என்ற மருத்துவரும் டோரதியா பார்த்தெல் என்ற சிகிச்சையாளரும் 1965-இல் அதை வெளியிட்டார்கள். பத்து வரி, மொத்தம் 100 மதிப்பெண். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கும் நடைக்கும் தலா 15. குளியலுக்கும், முகம் கழுவித் தலை சீவுவதற்கும் தலா 5. மற்ற ஆறுக்கும் தலா 10. 1989-இல் ஆஸ்திரேலியாவில் ஷா என்பவரும் கூட்டாளிகளும் ஒவ்வொரு வரியையும் ஐந்து படிகளாகப் பிரித்துத் திருத்தினார்கள். சாப்பாட்டுக்கு முன்பு 0, 5, 10 என்று மூன்றே நிலை இருந்தது. இப்போது 0, 2, 5, 8, 10. ஒரு கவளம் தானாக எடுத்துவிட்டு மீதியை ஊட்டிவிடச் சொல்பவருக்கும் அதில் ஓர் இடம் உண்டு. அந்தத் திருத்தத்தை நான் மதிக்கிறேன். சிறு முன்னேற்றத்தைக் கண்டுகொள்ளாத அளவுகோல் நோயாளியின் மனத்தை உடைத்துவிடும்.

தோழி படிவத்தை முடித்ததும் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். நாக்கு குழறியது, ஆனாலும் கேள்வி தெளிவாக இருந்தது.

“எத்தன போட்டாங்க?”

“இருபத்து நாலும்மா.”

“நூறுக்கா?” கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். “மழ நாள்ல கூட நான் அவ்வளவு கொறவா நிறுத்ததில்ல.”

அப்போதுதான் உறைத்தது. அம்மா வாழ்நாள் முழுவதும் நிறுக்கப்பட்டவர். காலையில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, பிறகு மலைச்சரிவு, மதியமும் மாலையும் கூடையை இறக்கித் தராசில் வைக்க வேண்டும். ஈரக் கொழுந்து என்றால் தண்ணீருக்காக இத்தனை கிலோ கழிவு. கையால் கிள்ளிய காலம் போய்க் கத்தரி வந்தது, பிறகு இரண்டு பேர் இருபக்கமும் பிடித்துக்கொண்டு நடக்கும் இயந்திரம் வந்தது. தராசு மட்டும் மாறவில்லை. சின்ன வயதில் மாலை நேரத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாலே அன்றைக்கு எத்தனை கிலோ என்று நான் சொல்லிவிடுவேன். இப்போது அவருடைய மகள் வேலை செய்யும் இடத்திலிருந்து இன்னொரு தராசு வீட்டுக்கே வந்துவிட்டது.

இந்தத் தராசிலும் கழிவு இருக்கிறது. அளப்பவர்களுக்கு நாங்கள் சொல்லித்தரும் முதல் விதிகள் இவை: நோயாளியால் என்ன முடியும் என்பதை எழுதாதே, அவர் அன்றாடம் என்ன செய்கிறார் என்பதை எழுது. பிறர் உதவி எவ்வளவு சிறிதானாலும், என்ன காரணத்தால் ஆனாலும், முழு மதிப்பெண் போடாதே. விழுந்துவிடுவாரோ என்று ஒருவர் பக்கத்தில் நின்றால்கூட மதிப்பெண் குறையும். கைத்தடி, கைப்பிடி, நாற்காலி போன்ற சாதனங்களுக்குக் கழிவில்லை. மனிதருக்கு மட்டும் கழிவு. ஆஸ்பத்திரியிலிருந்து யாரை எப்போது அனுப்பலாம், வீட்டில் எத்தனை பேர் வேண்டும் என்று முடிவுசெய்ய இந்த விதி தேவைதான். ஆனால் அது ஒரு வாழ்க்கைப் பார்வையையும் கையோடு கூட்டிவருகிறது. உதவி வாங்காதவர் முழு மனிதர், வாங்குபவர் குறைந்தவர் என்ற பார்வை அது.

அதன்படி அம்மாவின் சாப்பாட்டு வரியில் விழுந்தது பூஜ்யம். முடியும், செய்யவில்லை. நரம்பும் தசையும் தடுக்கவில்லை, தடுத்தது தர்மம். கழுவுவதற்கு ஒரு கை, உண்பதற்கு ஒரு கை என்று மூன்று வயதில் பதிந்தது. ஒரு கை போனபிறகு மிச்சமிருப்பது கழுவுகிற கை. அந்தக் கையால் சோற்றைத் தொடுவது சோற்றுக்கே அவமதிப்பு என்று நினைக்கிற ஒரு பெண்ணை ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று எழுதிவிடலாம். அப்படி எழுதப்பட்ட கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

நான் வாதாடிப் பார்த்தேன். கண்ணப்பரை எடுத்தேன். திருக்காளத்தியில் வாயில் தண்ணீர் கொண்டுவந்து அபிஷேகம் செய்தார், கடித்து ருசிபார்த்த இறைச்சியைப் படைத்தார், செருப்புக் காலைத் தூக்கிச் சாமி கண்ணிலேயே வைத்தார், அதெல்லாம் தீட்டு என்றா சிவன் தள்ளினார் என்று கேட்டேன். அம்மாவுக்குப் பெரிய புராணக் கதைகள் எல்லாம் தெரியும். தோட்டத்துக் கோயிலில் கேட்டு வளர்ந்தவர்.

“அது தீட்டு இல்லன்னு அய்யருக்குக் கனவுல வந்து சாமியே சொல்லுச்சு. எனக்கு யாரு வந்து சொன்னா?”

அந்த அய்யர் சிவகோசரியாரின் கனவை மறந்துவிட்டு வாதாட வந்தது என் தவறு. விதியை மீறலாம் என்று வெளியிலிருந்து நாம் சொல்வது வேறு, மீறுகிறவருக்கு உள்ளே அனுமதி கிடைப்பது வேறு. அந்த அனுமதியைச் சிகிச்சையாளர் எழுதிக்கொடுக்க முடியாது.

அன்று மாலை தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். சின்னக் கோயில். பூசாரி அம்மனுக்கு அபிஷேகம் செய்துகொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றி, துடைத்து, சேலை உடுத்தி, பொட்டு வைத்து, பொங்கலைக் காட்டி, திரையை விலக்கினார். நான் கை கூப்பி நின்றேன். மனம் வழக்கம்போல் படிவத்தின் வரிகளை ஓட்டியது: குளியல், உடை, முகம், உணவு. எல்லாவற்றையும் பிறர்தான் செய்கிறார்கள். திருவிழாவில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவதும், படியிறக்கித் தோளில் சுமப்பதும் நாம்தான். பார்த்தெலின் தாளை அம்மன் முன்னால் வைத்தால் வரிக்கு வரி பூஜ்யம்தான் விழும்.

இதை நான் பக்தியோடுதான் சொல்கிறேன். எழுப்புவது, நீராட்டுவது, உடுத்துவது, அமுது படைப்பது, உறங்கவைப்பது என்று நம் முன்னோர் வழிபாட்டுக்கு வகுத்த உபசாரங்களைப் பாருங்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஒருத்தியின் நாளும் அதேதான். தனக்கு எந்தக் குறையும் இல்லாத தெய்வம், தானாக எதையும் செய்துகொள்ளாமல் நம் கைகளுக்குக் காத்திருப்பதாக ஏன் வைத்தார்கள்? எனக்குத் தோன்றிய விடை இது: பிறர் கையை எதிர்பார்த்திருப்பது இழிவு இல்லை என்பதை நாம் நாள்தோறும் கண்ணால் பார்த்துப் பழக வேண்டும். கருவறை முன்னால் நின்று அதைத்தான் படிக்கிறோம். அன்று விடியலில் நான்கு பேர் தோளுயரத்தில் அம்மாவை இறக்கியதாகத் தம்பி சொன்னபோது நான் அழுதேன். கோயிலில் நின்று அதை மறுபடி நினைத்துப் பார்த்தேன். அந்தப் படிகளில் திருவிழா நாளில் அம்மன் இறங்குவதும் அப்படித்தான்.

ஆனால் இந்த எண்ணத்தோடு நின்றுவிட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். அம்மனுக்குக் கூச்சமில்லை, அம்மாவுக்கு இருக்கிறது. மருமகள் கழிவறைக்குள் கூடவே வரும்போது அம்மா கண்ணை மூடிக்கொள்வார். இரவில் 15 டிகிரிக்கு இறங்கும் மலையில், ஈரக் கைலியோடு பத்து நிமிடம் ஆளுக்காகக் காத்திருந்திருக்கிறார், கூப்பிட மனமில்லாமல். தூக்குகிறவரின் முதுகும் வலிக்கும். தம்பி மனைவி மூன்றாவது வாரமே இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ‘சேவை’ என்று பெயர் வைத்து இதையெல்லாம் மறைப்பது பாவம். அளவுகோல் இங்கேதான் உதவுகிறது. எந்த வரியில் கூச்சம், எந்த வரியில் ஆபத்து, எந்த வரியில் யாருடைய முதுகு உடைகிறது என்று அது காட்டும். கழிவறையில் சுவரோரம் இரும்புக் கைப்பிடி, உட்கார்ந்து குளிக்கப் பலகை, கழுவக் குழாய். கைலியை முடியத் தேவையில்லாமல் இடுப்பில் எலாஸ்டிக். சட்டை போடும்போது நோயுள்ள கை முதலில், கழற்றும்போது கடைசியில். ஒரு கையை ஒரு கையாலேயே கழுவ, தொட்டியில் ஒட்டிக்கொள்ளும் தூரிகை. இரண்டு வாரத்தில் கழிவறை வரி 2-இலிருந்து 5-க்கு வந்தது. அம்மா கண்ணை மூடுவது நின்றது.

நடை வரிதான் சிரமம். ‘சமதரையில் நடத்தல்’ என்று அந்த வரிக்குப் பெயர், 50 மீட்டர் நடக்க வேண்டும். எங்கள் லயத்து வாசலில் சமதரை என்று பத்து அடி கிடையாது. ஒரு பக்கம் படி, ஒரு பக்கம் தேயிலைச் சரிவு. வீட்டுக்குள் முன்னறைக்கும் அடுப்படிக்கும் இடையில் போய்ப் போய் வந்து அம்மா 50 மீட்டரை முடித்தார்.

சோறு மட்டும் அப்படியே நின்றது. கடைசியில் என் தோழிதான் வேறு வழி எடுத்தாள். 1991-இல் கனடாவில் வெளியான இன்னொரு மதிப்பீடு எங்கள் தொழிலில் இருக்கிறது. அதில் வரிகளை நோயாளியே எழுத வேண்டும். உங்களுக்கு எது முக்கியம், பத்துக்கு எத்தனை முக்கியம், இப்போது எவ்வளவு செய்கிறீர்கள், அதில் எவ்வளவு திருப்தி என்று கேட்போம். தோழி தன் உடைந்த தமிழில் கேட்டாள், “ஆண்ட்டி, உங்களுக்கு என்ன செய்ய ஆசை?” நான் சாப்பாடு என்று எதிர்பார்த்தேன். நடை என்று தம்பி எதிர்பார்த்தான்.

“வெள்ளிக்கெழம வெளக்கேத்தணும்” என்றார் அம்மா. விழுந்த இடத்திலிருந்தே தொடங்க நினைத்திருக்கிறார்.

விளக்கேற்றுவது எந்தப் படிவத்திலும் வரியாக இல்லை. ஆனால் ஒரு சிகிச்சையாளருக்கு அதில் எத்தனை பாடம். எழுந்து நிற்க வேண்டும், எட்ட வேண்டும், எண்ணெயைச் சிந்தாமல் ஊற்ற வேண்டும், திரியை நிமிண்ட வேண்டும், தீயைக் கையாள வேண்டும். சாமி மேடையை இடுப்புயரத்துக்கு இறக்கினோம். விளக்கின் அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு வைத்தோம். மூக்குள்ள சின்னப் புட்டியில் எண்ணெய். தீக்குச்சிக்குப் பதில் நீளமான அடுப்பு லைட்டர். நான்கு வாரம் பழகினார்.

முதல் வெள்ளிக்கிழமை. லைட்டரை இடது கை தூக்கியது, பாதியில் நின்றது. மறுபடியும் அந்தக் கை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை. அம்மா லைட்டரைக் கீழே வைத்தார். இடது கையால் வலது கையைத் தூக்கினார். மடங்கியிருந்த விரல்களை இடது கட்டைவிரலால் ஒவ்வொன்றாக நீவித் திறந்து, லைட்டரை அந்த உள்ளங்கையில் வைத்து, இடது கையால் வெளியிலிருந்து சேர்த்துப் பிடித்தார். இரண்டு கையும் சேர்ந்து போயின. மூன்றாவது முறை திரி பற்றியது.

பிறகு பூசாரி தீர்த்தம் கொண்டுவந்தார்; அம்மாவுக்காகவே நாற்பத்திரண்டு படி ஏறி வந்திருந்தார். அம்மா மறுபடி வலது கையைத் தூக்கி, அடியில் இடது உள்ளங்கையை ஏந்தி நீட்டினார். தீர்த்தம் வலது உள்ளங்கையில் விழுந்தது. பாதி ஒழுகி இடது கையில் இறங்கியது. கொஞ்ச நேரம் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

“எப்பவுமே இதுதானே கீழ இருந்து ஏந்துச்சு.”

தீர்த்தம் வாங்கத் தெரிந்த எல்லோரும் ஆயிரம் முறை செய்தது இது. வலது மேலே, இடது கீழே. மேலே இருக்கும் கைக்குத்தான் பெயர். ஏந்துகிற கையை நாம் கணக்கில் எடுப்பதில்லை. அம்மாவுக்கு அனுமதி யார் கனவிலும் வரவில்லை. தன் கைகளைப் பார்த்தே அவர் அதைக் கண்டுகொண்டார். அன்றிரவு இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். வெறுங்கையால் இன்றுவரை சாப்பிடுவதில்லை. “கரண்டி வேற, கை வேற” என்கிறார். நான் வற்புறுத்தவில்லை. சாப்பாட்டு வரியில் 8 விழுந்துவிட்டது. மதிப்பெண்ணைவிட அவருடைய ஆசாரம் அவருக்குப் பெரிது, அதை மதிப்பதும் என் தொழில்தான்.

மஹோனியும் பார்த்தெலும் 1965-இலேயே ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள்: 100 வாங்கியவர் தனியாக வாழ்ந்துவிடுவார் என்று பொருளில்லை, அவரால் சமைக்கவோ வீட்டை நடத்தவோ முடியாமல் இருக்கலாம். தங்கள் தராசு எதை நிறுக்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதைப் பயன்படுத்தும் நாங்கள்தான் சில நேரம் மறந்துவிடுகிறோம்.

உங்கள் வீட்டில் வாதத்திலிருந்து மீண்டுவரும் ஒருவர் இருந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். மதிப்பீட்டுக்குத் தவறாமல் கூட்டிப் போங்கள், மாத்திரையை நிறுத்தவிடாதீர்கள். அவர் தானாகச் செய்ய முயலும்போது அவசரப்பட்டுக் கையை நீட்டாதீர்கள். செய்ய முடியாதபோது முகம் சுளிக்காமல் நீட்டுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அவருக்கு எதைச் செய்ய ஆசை என்று அவரிடமே கேளுங்கள். எந்தப் படிவத்திலும் இல்லாத ஒன்றை அவர் சொல்லலாம்.

ஆறாவது மாதம் தோழி மறுபடி வந்து அளந்தாள். அம்மாவுக்கு 74. நாற்பத்திரண்டு படியை இன்னும் அவரால் தனியாக இறங்க முடியாது. போன திருவிழாவுக்கும் அந்த நான்கு பேர்தான் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.